டில்லி ஜனாதிபதி மாளிகைப் பூங்காவில் ஒரு முற்பகல்

டில்லிக்குச் செல்லும் நம்மவர்கள் செங்கோட்டை, குதுப்மினார், அங்கிருந்து ஆக்ராவுக்குப் போய் தாஜ்மகால் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். யாத்திரைக் குழுவோடு போகிறவர்களுக்குக் காசியும் கயாவும் முடிந்து டில்லியில் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் கரோல்பாக் சேலைக் கடைகளில் கரைந்து போவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே நிற்கக் கிடைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய வேறோர் இடமும் உண்டு. இந்திய ஜனாதிபதியின் வாசஸ்தலமான ராஷ்டிரபதி பவனின் பின்புறத்தில் 15 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கும் பூங்காதான் அது. முகலாயத் தோட்டம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு வந்த இதற்கு 2023 ஜனவரி 28 முதல் அம்ரித் உத்யான், அதாவது அமுதப் பூங்கா, என்று பெயர்.

நான் போனது 2024 பெப்ரவரியில், சின்னம்மாவோடு. சின்னம்மாவுக்கு வயது 72. இரண்டு கண்களிலும் குளுக்கோமா. சென்னையில் கண் வைத்தியரிடம் காட்டியபோது, போன பார்வை இனித் திரும்பாது, மிஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இந்த நோயில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்தும். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். நடுவில் தெளிவாகத் தெரிவதால் பலர் நீண்ட நாட்களுக்கு அதை உணர்வதேயில்லை. (குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள், குறிப்பாக 40 வயதைக் கடந்தவர்கள், கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. நானும் அன்றே சோதித்துக்கொண்டேன்.) வைத்தியர் சொன்னதைக் கேட்டுச் சின்னம்மா அழவில்லை. விடுதிக்கு வந்ததும், "டில்லியில பெரிய பூந்தோட்டம் ஒண்டு இருக்காமே, ரீவியில காட்டினவங்கள். அதைப் பாத்திட்டுப் போவமே பிள்ளை" என்றார். அப்படித்தான் ரயிலேறினோம்.

வலிகாமம் வடக்கில் சின்னம்மாவின் வளவு ஒரு காலத்தில் பூமரங்களுக்குப் பெயர்போனது. 1990 இல் இடம்பெயர்ந்து போனவர் 2017 இல் காணி விடுபட்டபோது திரும்பிப் போய்ப் பார்த்தார். கிணறு இருந்தது. வேறொன்றும் இருக்கவில்லை. இப்போது அந்தக் கிணற்றடியில் மல்லிகையும் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் மறுபடி வைத்திருக்கிறார். எனவே பூந்தோட்டம் பார்க்கப் போவது அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

மத்திய செயலகம் எனப்படும் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், பூங்கா திறந்திருக்கும் நாட்களில் 35 ஆம் இலக்க வாயில் வரை இலவச பஸ் ஓடுகிறது. உள்ளே போகவும் கட்டணம் இல்லை. ஆனால் ஜனாதிபதி மாளிகையின் இணையத்தளத்தில் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பதிந்துகொள்வது நல்லது. கைத்தொலைபேசி, கைப்பை, தண்ணீர்ப் போத்தல், குடை, குழந்தைகளின் பால்போத்தல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. சாப்பாட்டுப் பார்சலோடு போய்ச் சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பஞ்சாபிக் குடும்பம் ஒரு பெரிய ரொட்டிப் பொதியை வாயிலடியிலேயே அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது போன்சாய் எனப்படும் குறுமரங்கள். எனக்கு அவற்றில் அவ்வளவு விருப்பமில்லை. ஆலமரத்தைச் சட்டிக்குள் அடக்கி வைப்பதில் என்ன அழகு என்றுதான் தோன்றும். அதைக் கடந்து பிரதான தோட்டத்துக்கு வந்தபோதுதான் நடையை நிறுத்தி நின்றோம்.

நீள்சதுரமான பெரிய வெளி. வடக்குத் தெற்காக இரண்டு வாய்க்கால்கள், கிழக்கு மேற்காக இரண்டு வாய்க்கால்கள். அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, இடைப்பட்ட நிலம் சதுரம் சதுரமாகப் பிரிந்து நிற்கிறது. வாய்க்கால்கள் சந்திக்கும் இடங்களில் செம்மணற்கல்லில் செதுக்கிய தாமரை வடிவமான ஆறு நீரூற்றுகள். 12 அடி உயரத்துக்கு எழும்பும் நீர், அடுக்கடுக்கான கல் இலைகளில் விழுந்து வழிந்து வாய்க்காலில் கலக்கிறது. கரையோரங்களில் குடை பிடித்தாற்போல் உருண்டையாகக் கத்தரிக்கப்பட்ட மகிழ மரங்கள். நடுவில் பச்சைக் கம்பளமாய்ப் புல்வெளி. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் ஜனாதிபதி விருந்தினரை வரவேற்று உபசரிப்பது இந்தப் புல்வெளியில்தான்.

சின்னம்மா பூக்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எங்கட துலாக் கிணத்தில வாளி சரியேக்க தண்ணி விழுற சத்தம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

முகலாயத் தோட்டக்கலையின் உயிர்நாடியே அந்தத் தண்ணீர்தான். பாரசீகத்திலிருந்து வந்த இந்தக் கலையில் தோட்டத்தை நீரோடைகளால் நான்காகப் பிரிப்பது மரபு. சார்பாக் என்று அதற்குப் பெயர். 'சார்' என்றால் நான்கு, 'பாக்' என்றால் தோட்டம். சுவர்க்கத்தில் ஓடும் நான்கு ஆறுகளை அவை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். புழுதியும் வெக்கையும் நிறைந்த வட இந்தியாவுக்கு வந்த பாபர், போன இடமெல்லாம் இத்தகைய தோட்டங்களை அமைத்தார். அவருடைய வழிவந்த ஜஹாங்கீர் 1619 இல் காஷ்மீரில் ஷாலிமார் தோட்டத்தை உருவாக்கினார். அவருடைய பட்டத்தரசி நூர்ஜஹான், தன் பெற்றோருக்கு ஆக்ராவில் எழுப்பிய சமாதியையும் இப்படியொரு நாற்புறத் தோட்டத்தின் நடுவில்தான் அமைத்தார். தாஜ்மகாலுக்குப் போகிறவர்கள் அதையும் பார்க்கலாம். கூட்டம் குறைவு, வேலைப்பாடு அதிகம்.

இந்த மாளிகையையும் பூங்காவையும் வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் என்று எல்லா நூல்களிலும் இருக்கும். ஆனால் இந்தப் பூங்காவின் பின்னால் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் அப்போதைய வைஸ்ராயின் மனைவி ஹார்டிங் சீமாட்டி. காஷ்மீரின் தோட்டங்களில் மனதைப் பறிகொடுத்த அவர், புதுடில்லியிலும் அந்தப் பாணியே வேண்டும் என்று விரும்பினார். 1914 இல் காலமாகிவிட்டதால் இதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இன்னொருவர் கொன்ஸ்டன்ஸ் வில்லியர்ஸ் ஸ்ருவாட். முகலாயரின் தோட்டங்களை ஆராய்ந்து இவர் எழுதிய நூல் 1913 இல் வெளிவந்தது. தலைநகரின் வரைபடங்கள் தயாராகிக்கொண்டிருந்த வேளை அது. மூன்றாமவர் கேர்ட்ரூட் ஜீகில். இவர் இந்தியாவுக்கு வந்தவரில்லை. இங்கிலாந்தில் லட்யன்ஸுடன் சேர்ந்து ஏராளமான தோட்டங்களை அமைத்தவர். பாத்திகளில் நிறத்தோடு நிறம் இழையும்படி பூச்செடிகளை நடும் முறையை லட்யன்ஸ் இவரோடு பழகித்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். வாய்க்கால் முகலாயருடையது, பூப்பாத்தி ஆங்கிலேயருடையது. இரண்டும் சண்டை பிடிக்காமல் இருப்பதுதான் இந்த இடத்தின் விசேடம்.

வரைபடம் 1917 இல் முடிந்தது. கன்றுகள் நடப்பட்டது 1928–29 இல். நட்டு வளர்க்கும் பொறுப்பு வில்லியம் மஸ்டோ என்பவருடையது. அறுகம்புல்லைக்கூடக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து பதித்தார்கள். இன்றும் ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், புல்வெளி முழுவதையும் உரித்தெடுத்துவிட்டுப் புது மண் பரப்புவார்களாம். மூன்று வாரத்தில் புல் மறுபடி தழைத்துவிடும். நம் வீட்டு முற்றத்தில் ஒரு பாய் அகலத்துக்கு அறுகு வளர்க்க நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆங்கிலேய ஆட்சியின் கடைசிக் காலத்தில் இங்கே 418 தோட்டக்காரர்கள் இருந்தார்களென்றும், அவர்களில் 50 பேர் பறவைகளைத் துரத்துவதற்கென்றே அமர்த்தப்பட்ட சிறுவர்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் வைஸ்ராயின் பூவுக்குக் காவல்! இப்போது மாலி என்று அழைக்கப்படும் தோட்டத் தொழிலாளர் பலர் ஆங்காங்கே குந்தியிருந்து வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் சின்னம்மா தமிழிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் ஹிந்தியில் பதில் சொன்னார். மண்ணைக் காட்டிக் காட்டி இருவரும் ஐந்து நிமிடம் கதைத்தார்கள். எரு பற்றித்தான் கதை என்பது எனக்கு விளங்கியது.

அதன்பின் அவர் என்னிடம் திரும்பிக் கேட்டதுதான், நான் எதிர்பாராத கேள்வி.

"இது முந்தி ஆற்றை காணியாம், பிள்ளை?"

கேட்கவேண்டியவர்தான் கேட்டார். 1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அறிவித்தார். அதையடுத்து 1894 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்கீழ் இங்கிருந்த கிராமங்கள் எடுக்கப்பட்டன. ரைசினா, மால்சா என்பவை அவற்றில் இரண்டு. மாளிகை நிற்கும் மேட்டுக்கு இன்றும் ரைசினா குன்று என்றே பெயர். ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் மாளிகைக்கு முகவரியாக மிஞ்சியிருக்கிறது. இதைச் சொன்னபோது சின்னம்மா தலையை ஆட்டினார். "அவையளுக்கும் கிணறுகள் இருந்திருக்கும்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

பிரதான தோட்டத்தைத் தாண்டி மேற்கே போனால் நீள்தோட்டம். 12 அடி உயரமான மதில்கள் இருபுறமும் மறைப்பதால் இதற்குப் பர்தா தோட்டம் என்றும் பெயர் உண்டு. நடுவே செம்மணற்கல் தூண்களால் ஆன பந்தலில் ரோசாக் கொடியும் போகன்வில்லாவும் முந்திரிகைக் கொடியும் படர்ந்திருக்கின்றன. மதில் ஓரமாகச் சின்னஞ்சிறு தோடைமரங்கள். இருமருங்கும் 16 சதுரப் பாத்திகளில் ரோசாக்கள். பூங்கா முழுவதிலுமாக 159 ரோசா வகைகள் இருப்பதாக மாளிகையின் குறிப்பு சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அன்னை தெரேசா, ராஜாராம் மோகன்ராய், ஜவகர், எலிசபெத் மகாராணி, ஜோன் எஃப். கென்னடி. மகாபாரதத்து அர்ச்சுனனும் வீமனும்கூட ரோசாக்களாகப் பூத்து நிற்கிறார்கள். கறுப்பு ரோசா என்று சொல்லப்படும் ஒக்லஹோமாவைச் சுற்றித்தான் படம் எடுப்பவர்களின் கூட்டம் அதிகம். உண்மையில் அது கறுப்பு அல்ல. மிக அடர்ந்த சிவப்பு.

இங்கேதான் எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பாத்தியைப் பார்த்தால் ஒரே பார்வையில் ஐம்பது பூவும் தெரியும். தெரிந்ததும் அடுத்த பாத்திக்கு நடந்துவிடுவோம். சின்னம்மாவின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு பூதான் பிடிபடும். ஒவ்வொரு பூவாகக் குனிந்து, முகத்தை மெல்லத் திருப்பி, இதழின் அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "இதின்ர ஓரத்தில மட்டும் வெள்ளை ஓடுது", "இதுக்கு வாசம் இல்லை", "இதின்ர இலையில பூச்சி விழுந்திருக்கு, மருந்தடிக்கேல்லை" என்று ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்வதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. பூவைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே கையிரண்டையும் சேலைத்தலைப்புக்குள் கட்டிக்கொண்டே குனிந்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பெயர்ப் பலகைகளை வாசித்துச் சொல்வது என் வேலை. அன்னை தெரேசா ரோசாவின் முன்னால் மாத்திரம் சின்னம்மா கும்பிட்டார்.

நீள்தோட்டத்தின் முடிவில் வட்டத்தோட்டம். நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிப் படிப்படியாக உயரும் வட்டப் பாத்திகளில் பருவகாலப் பூச்செடிகள். கிண்ணத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போலிருக்கும். பான்சி, பொப்பி, ஸ்டொக், கலெண்டுலா என்று நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நாம் பார்த்துப் பழகிய முகங்கள்தான் அநேகம். மலையின் குளிரில் அங்கே இயல்பாய்ப் பூப்பவை, இங்கே பெப்ரவரி, மார்ச்சில் மட்டும்தான் பூரித்து நிற்கும். ஏப்ரலில் வெயில் ஏறியதும் கருகிவிடும். இந்தச் சில வாரக் காட்சிக்காக மழைக்காலம் முடிந்ததிலிருந்தே விதைத்து, நாற்று எடுத்து, நட்டுக்கொண்டிருப்பார்கள். ரியூலிப் பூக்களின் கிழங்குகள் நெதர்லாந்திலிருந்து வருகின்றன. ஸ்டொக் செடியின் வாசனை ஒரு கராம்பு வாசனை. காற்று திரும்பும்போதெல்லாம் சின்னம்மா அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

இந்த மாளிகையில் வாழ்ந்த தமிழர்களில் இருவரை இந்தத் தோட்டத்தோடு சேர்த்தே நினைக்க வேண்டும். முதலாமவர் ராஜாஜி. 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இங்கே இருந்தவர். 340 அறைகள் கொண்ட இந்த மாளிகையை ஆஸ்பத்திரியாக்கிவிடலாம் என்பது காந்தியடிகளின் எண்ணமாக இருந்தது. அது நடக்கவில்லை. ஆனால் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களில் ராஜாஜி மாளிகை வளவின் ஒரு பகுதியைத் தாமே உழுது கோதுமை விதைத்தார். அந்த இடத்தில் இன்று மாளிகையின் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. தலிக்கானா என்று பெயர். 1970களில் இலங்கையில் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கும், முற்றத்தில் மரவள்ளி நட்டவர்களுக்கும் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மற்றவர் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். 2002 முதல் 2007 வரை ஜனாதிபதியாக இருந்த காலத்தில் மூலிகைத் தோட்டத்தையும், பல சமயத்தவரும் புனிதமாகப் போற்றும் மரங்களை ஒன்றாக வளர்க்கும் ஆன்மிகத் தோட்டத்தையும் உண்டாக்கினார். பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் அறியத்தக்க செடிகளைக் கொண்ட ஒரு தோட்டமும் மாளிகை வளவில் உண்டு. 34 பாத்திகள், ஒரு நீரூற்று, கல்பாவிய நடைபாதை, பிரெய்ல் எழுத்தில் பெயர்ப் பலகைகள். பொதுமக்கள் போகும் பாதையில் அது இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒவ்வோர் ஆண்டும் ஒரு தனி நாள் ஒதுக்குகிறார்கள். அதேபோல விவசாயிகளுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கும் தனி நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதைக் கேட்ட சின்னம்மா, "அடுத்த முறை வந்தா அங்கதான் போகவேண்டி வரும்" என்று சிரித்தார். நான் பதில் சொல்லாமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் முதலாவது ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் காலத்தில் தொடங்கியது. ஆட்சியாளரின் வாசல் வருடத்தில் சில வாரங்களேனும் வரிசையில் வரும் எவருக்கும் திறப்பது ஒரு நல்ல வழக்கம். நமது கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையை ஒட்டியிருக்கும் கோர்டன் பூங்கா, ஒரு காலத்தில் யாரும் போய் இருந்து இளைப்பாறக்கூடிய இடமாக இருந்து, பின்னர் மாளிகை வளவுக்குள் அடங்கிப்போனது. 2022 ஜூலை 9 ஆம் திகதி சனங்கள் அந்த மாளிகைக்குள் போன விதம் உலகத்துக்கே தெரியும். அன்று தொலைக்காட்சியில் பார்த்தவற்றுள் எனக்கு மறக்காதது நீச்சல் தடாகமல்ல. புல்வெளியில் பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருந்த குடும்பங்கள்தான்.

பெயர் மாற்றம் பற்றி அங்கே இரண்டு விதமாகவும் கதைக்கிறார்கள். எனக்குப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. ஒரு தோட்டம் எந்த மரபில் வந்தது என்பதை அதன் பெயரே சொன்னால் நல்லதுதானே. ஆனால் தூண் மறைவில் நின்று குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று தோன்றியது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூங்கா வழக்கமாக ஜனவரி கடைசி அல்லது பெப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதிவரை திறந்திருக்கும். திங்கட்கிழமைகளில் விடுமுறை. 2023 இலும் 2024 இலும் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் சில வாரங்கள் திறந்தார்கள். ஆனால் ரியூலிப்பும் ரோசாவும் பார்ப்பதற்குப் பெப்ரவரி நடுப்பகுதிதான் உகந்தது. காலையில் குளிர் கடுமை, சுவெட்டர் வேண்டும். பத்து மணிக்கு மேல் அதைக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டும். நடை அதிகம் என்பதால் முழங்கால் நோ உள்ளவர்கள் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். வயோதிபர்களோடு போகிறவர்கள் முற்பகல் நேரத்தையே பதிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் வெளியே வந்தபோது ஒரு மணியாகிவிட்டது. வாயிலடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே சின்னம்மா கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இலக்கத்தை அழுத்தித் தரச் சொன்னார். மல்லிகைக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் ஊற்றியதா என்று கேட்டார். ஊற்றவில்லைப் போலிருக்கிறது. பஸ் வரும்வரை ஏச்சு நடந்தது.